கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியும் பின்னமுற்ற படிமங்களும்

கொழும்பிலே நீதிமன்றங்கள் நிறைந்த மேட்டினை ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்பர். 1656 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்ற நடந்த முற்றுகையிலே மாண்ட ஹுல்வ்ற் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயர் அதிலே தங்கியிருக்கின்றது. தமிழராகிய நாம் அவ்விடத்தைப் புதுக்கடை என்றே வழங்கி வருகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அம்மேட்டில் வழக்குரைத்துப் பெயர் பெற்ற தமிழ்ப் பெருமக்களுள் சேர் முத்துக்குமாரசுவாமி முதன்மையானவர். 1863 இல் இலண்டன் மாநகரின் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திலே பாரிஸ்டராக அனுமதி பெற்ற முதல் இந்து அவரே. 1874 இல் சேர் பட்டமும் அவரை வந்தடைந்தது. சட்டம் அவருக்குத் தொழில், இலக்கியமே நாட்டம். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கினார். பாளி மொழியிலுள்ள தாதாவம்சத்தையும் சுத்தநிபாதத்தையும் ஆங்கிலப்படுத்தினார்.

அவர் தமக்கையார் செல்லாச்சி அம்மையார், கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுரர் ஆலயத்தை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மனைவி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவ்வம்மையாரின் மைந்தர். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கத்து அன்பர்களுக்கு இக்குடும்பத்தை யாம் அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. நாட்டு அரசியலிலே இராமநாதனும் அருணாசலமும் பெற்ற புகழ் பெரிது. எனினும், அவர்களுடைய அம்மான் மகனாகிய ஆனந்தக் குமாரசுவாமியின் பெயரே உலகின் பல்கலைக்கழகங்களில் இன்றும் அடிக்கடி கேட்கப்படுவது. அப்பெருமகனின் வாழ்க்கையை இங்குச் சொல்லப் புகுகின்றோம். அவர் எழுதிய நூல்களையும் கட்டுரைகளையும் எண்ணிச் சொல்லவே இம்மலரின் பக்கங்கள் போதா. ஆதலின் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்த ஒரு வழக்கினை மாத்திரம் பற்றிக்கொண்டு செல்வோம். கல்லாலும் செம்பாலும் ஆன தெய்வத் திருவுருவங்களை எவ்வாறு பார்ப்பது, அவை உடைந்தால் என் செய்வது, எது மூலம், எது பிரதி என்பதே அவ்வழக்கு. தந்தை வாதாடிய மன்றம் புதுக்கடையில் இருந்தது. மைந்தர் வாதாடிய மன்றம் இலண்டனிலும் பொஸ்ரனிலும் இருந்தது.

ஆனந்தர் 1877 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 22 ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார். கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டின் முதல் நாளிலேயாம். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தவர். அதனாலேயே மைந்தரின் பெயருக்கிடையே கென்ரிஷ் என்பதும் சேர்ந்தது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயும் சேயும் இங்கிலாந்து சென்றனர். பின்தொடர்ந்து செல்ல எண்ணியிருந்த தந்தையார் 1879 மே மாதம் 4 ஆந் தேதி கொழும்பிலேயே காலமானார். ஆகவே தமிழ்த் தந்தையின் மகன் ஆங்கிலச் சூழலிலே வளர்ந்தான். குளொஸ்ரர்சயரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிலே பயின்று, பின்பு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று, 1900 இல் முதல் வகுப்பிலே தேறினார்.

கலைஞர் என்று நாம் அறிந்தவர் முதலிலே கல்லைப் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக அவர் கடமையாற்றினார். சேர்ந்திபைற்று என்னும் புதிய கனிப்பொருளை பிரையர் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1903 இல் உலகுக்கு அறிவித்தார். சேரந்தீவு என்னும் நம் நாட்டின் பழம்பெயர் அதில் நிலைத்தது. தோரியனைற்று என்னும் கதிர்வீசு கனிப்பொருள் கண்டறியப்பட்ட வரலாற்றிலும் அவருக்குப் பங்குண்டு. 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. சிற்பத்தைப் பற்றி எழுதும் பலர் கல் வேறு, உரு வேறு என்று அறியாதிருந்த காலத்திலே, கல்லின் குணத்தை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் நோக்கிப் பழகிய கண் இவருடையது.

கனிப்பொருளைத் தேடிக் கண்டிச் சீமையின் கிராமங்களிலே மாட்டுவண்டியிற் சென்றபோது அவர் கண்டது வேறொன்று. பழைய விகாரைகளின் ஓவியங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த கம்மாளரும் ஓவியரும் வேலையின்றிக் கிடந்தனர். அதனினும் கொடியது, பழுதுபார்க்கின்றோம் என்று சொல்லிப் பழைய வேலையை அழித்து மேலே புதிய பூச்சுப் பூசியோர் செயல். 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னோர் கட்டியவற்றைக் காப்பது அவர்கள் கடன் என்று இடித்துரைத்தார். அவ்வாண்டிலேயே இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. ஆனந்தரே அதன் தலைவர். பின்னாளிலே உலகமெல்லாம் பேசப்பட்ட அவர் கொள்கையின் வித்து இக்கடிதத்திலேயே கிடந்தது என்பது எமது எண்ணம். உடைந்ததைப் பாதுகாப்பது ஒன்று. உடைந்ததை நம் மனம்போனபடி நிறைவு செய்வது வேறொன்று.

1902 இல் அவர் மணந்த எதெல் மேரி அம்மையார் இப்பயணங்களிலே உடன் சென்று படம்பிடித்தும் குறிப்பெடுத்தும் உதவினார். 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலின் நிழற்படங்கள் அவ்வம்மையாருடையவை. அந்நூல் பிறந்த விதமும் அறியத்தக்கது. இங்கிலாந்திலே புரோட் கம்ப்டன் என்னும் சிற்றூரிலே, தம் இல்லத்திலேயே கையச்சு யந்திரம் அமைத்து, 1907 புரட்டாதி தொடக்கம் பதினைந்து மாதம் உழைத்து, 425 பிரதிகள் மாத்திரம் அச்சிட்டார். வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலப் பெருங்கலைஞர் பயன்படுத்திய அச்சு யந்திரமே அங்கு வந்து சேர்ந்திருந்தது. கையால் ஆன கலையைப் பற்றிய நூல் கையாலேயே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் அது.

இனி வழக்கிற்கு வருவோம்.

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர்களிடம் அழகினை அளக்கும் முழக்கோல் ஒன்றே இருந்தது. அது கிரேக்கச் சிலை. வீனஸ், அதீனா, யூனோ எனப் பெயர் பெற்ற பெண் தெய்வங்களின் வெண்சலவைக்கல் உருவங்களே மனிதக் கையின் எல்லை என்று பாடசாலைகளிலே கற்பிக்கப்பட்டது. நம் தேவியரின் திருவுருவங்கள் அக்கோலால் அளக்கப்பட்டுக் குறைந்தவை எனத் தள்ளப்பட்டன. இடை சிறிது, மார்பு பெரிது, கைகள் நான்கு என்று குற்றப் பத்திரிகை நீண்டது.

அம்முழக்கோலின் கதையை இங்குச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். மாணவர்களுக்கு அது பயன்படும். கிரேக்கர் செய்த மூலச் சிலைகளிற் பெரும்பாலானவை இன்று இல்லை. வெண்கலத்தால் ஆனவை பின்னாளிலே உருக்கப்பட்டன; பொன்னாலும் தந்தத்தாலும் ஆனவை கொள்ளை போயின. ஏதென்சு நகரத்துக் கோயிலிலே பீடியாசு என்பவர் கி.மு. 438 அளவில் நிறுவிய அதீனாவின் உருவம் ஏறத்தாழ 12 மீற்றர் உயரமுடையது. இன்று அதன் சாயலை நமக்குக் காட்டுவது 1880 இல் ஏதென்சிலே கிடைத்த, ஒரு மீற்றருக்குச் சற்றே மேற்பட்ட, உரோமர் காலத்துச் சலவைக்கற் பிரதி. பிராக்சிற்றலீசு என்பவர் கினிடோசு நகருக்குச் செய்த அப்ரொடைற்றியும் மறைந்தது. உரோமச் செல்வர் தம் மாளிகைகளுக்கும் குளிப்பு மண்டபங்களுக்கும் செய்வித்த பிரதிகளே எஞ்சின.

உரோமக் கல்தச்சர் மூலச் சிலைகளிலிருந்து சாந்து அச்சுக்கள் எடுத்து, அவற்றின் அளவுகளைக் கல்லிலே குறித்துச் செதுக்கினர். இத்தாலியிலே பாயே என்னும் கடற்கரை ஊரில் 1954 இல் அத்தகைய சாந்து அச்சுக்களின் துண்டுகள் பல நூறு கண்டெடுக்கப்பட்டன. வெண்கலம் தன் எடையைத் தானே தாங்கும், கல் தாங்காது. ஆகவே வெண்கல மூலத்தைக் கல்லிலே பெயர்த்தபோது காலின் அருகே ஒரு மரத்தண்டு, கைக்கும் இடைக்கும் நடுவே ஒரு முட்டு எனப் புதியன சேர்ந்தன. மூலத்தில் இல்லாத அம்மரத்தண்டையும் பிற்காலத்தார் கிரேக்கரின் கற்பனை என்று வியந்தனர்.

அப்பிரதிகளும் முழுதாய்க் கிடைக்கவில்லை. மண்ணிலிருந்து எடுத்தபோது தலையின்றிக் கையின்றி இருந்தன. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் உரோமப் பிரபுக்களுக்கு முண்டங்களைத் தம் மண்டபத்தில் வைக்க மனம் வரவில்லை. சிற்பிகளை அழைத்து நிறைவு செய்வித்தனர். இலுடோவீசி என்னும் பிரபு குடும்பத்தார் வைத்திருந்த கினிடோசு அப்ரொடைற்றிப் பிரதியிலே பழையது உடற்பகுதி. தலையும் கைகளும் கால்களும் இப்பொலிற்றோ பூத்சி என்ற சிற்பி பதினேழாம் நூற்றாண்டிலே சேர்த்தவை. புளொரன்சு நகரத்து மெடிச்சி வீனஸின் கைகளை எர்க்கோலே பெராத்தா என்பவர் 1677 அளவிலே தம் காலத்து நாகரிகத்துக்கு ஏற்ப மெல்லிய நீண்ட விரல்களுடன் செய்து பொருத்தினார். இவ்வாறாக, ஒரு கிரேக்கன் எண்ணி, ஓர் உரோமன் பெயர்த்து, ஓர் இத்தாலியன் ஒட்டிய உருவமே கிரேக்க அழகின் தூய வடிவம் எனப் போற்றப்பட்டது. அதைக் கொண்டே நம் சிவகாமியம்மையை அளந்தார்கள்!

எல்லாரும் ஒட்டினார்கள் என்று சொல்லலாகாது. பார்த்தினன் கோயிற் சிற்பங்களைச் செப்பனிடுமாறு எல்கின் பிரபு கேட்டபோது, இத்தாலியின் மாபெருஞ் சிற்பி கனோவா அவற்றிலே உளிவைக்க மறுத்துவிட்டார். மறுபுறம், எகைனாத் தீவிலே 1811 இல் கிடைத்த சிற்பங்களுக்கு டென்மார்க்கு நாட்டுத் தோர்வல்சன் கைகால்கள் செய்து பொருத்தினார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1960 களிலே, மியூனிச் நூதனசாலையார் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தனர்.

1910 ஆம் ஆண்டு தை மாதத்திலே இலண்டன் கலைச் சங்கத்தில் ஹவெல் என்பவர் இந்தியக் கலையைப் பற்றி உரையாற்றினார். தலைமை வகித்த சேர் ஜோர்ஜ் பேட்வுட் இந்தியக் கைப்பணிகளை நன்கு அறிந்தவர். ஆனால் இந்தியாவிலே உயர்கலை என்று ஒன்று உண்டு என ஒப்புக்கொள்ளாதவர். அமர்ந்த நிலையிலுள்ள புத்தர் உருவம் ஒன்றைச் சுட்டி, மாவும் மாட்டுக் கொழுப்பும் சேர்த்து அவித்த பண்டத்துக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை என்ற கருத்துப்பட அவர் பேசினார். அடுத்த மாதமே பதின்மூன்று ஓவியரும் அறிஞரும் கையொப்பமிட்ட மறுப்பு இலண்டன் ரைம்ஸ் பத்திரிகையிலே வெளிவந்தது. அவ்வாண்டிலே இந்தியச் சங்கம் பிறந்தது. ஹவெல், ரொதன்ஸ்ரைன் ஆகியோருடன் ஆனந்தரும் அதை நிறுவியோருள் ஒருவர்.

பேட்வுட்டின் ஏளனத்துக்கு விடை சொல்வது எளிது. கடினமாயிருந்தது பிரெஞ்சு அறிஞர் பூசேயின் கொள்கை. அவர் நம் கலையை இகழவில்லை, ஆழ்ந்து கற்றவர். 1905 இல் வெளிவரத் தொடங்கிய தமது நூலிலே, காந்தாரத்துச் சிற்பிகள் கிரேக்க உருவங்களைப் பின்பற்றியே முதன்முதலாகப் புத்தரின் திருமேனியைப் படைத்தனர், இந்தியா அதைப் பார்த்துக் கற்றது என்று நிறுவ முற்பட்டார். இலாகூர் நூதனசாலையிலே அதீனாவைப் போன்ற தோற்றமுடைய காந்தாரப் பெண்ணுருவம் ஒன்று உண்டு. அத்தகையவை அவருக்குச் சான்றாயின. அக்கொள்கை உண்மையாயின், உரோமச் செல்வர் மண்டபத்துப் பிரதிகளைப் போலவே நம் தெய்வங்களும் யாரோ ஒருவருடைய மூலத்தின் தேய்ந்த பிரதிகள் ஆகிவிடும். நூல் தெரிந்த ஓர் இனத்தின் மானமே அதிலே தங்கியிருந்தது.

ஆனந்தர் உடனே கொதித்தெழுந்து மறுக்கவில்லை; பல்லாண்டு சான்று சேர்த்தார். 1927 இல் புத்தர் உருவத்தின் தோற்றம் பற்றிய நீண்ட கட்டுரை அமெரிக்காவிலே வெளிவந்தது. மதுரா நகரத்துச் செம்மணற்கற் சிற்பிகள் யக்கர் என்னும் பழைய தேவதைகளின் உருவங்களைச் செய்து பழகியவர்கள். பரந்த தோளும் உறுதியான நிற்பும் உடைய அவ்வுருவத்திலிருந்தே அவர்களுடைய புத்தர் தோன்றினார். அவருக்குக் கிரேக்கரின் துணை வேண்டியதில்லை என்று படங்களை அடுக்கிக் காட்டினார். யக்கரையும் யக்கியரையும் பற்றி 1928 இலும் 1931 இலும் தனி நூல்கள் எழுதினார். மரத்தைத் தழுவி நிற்கும் யக்கி, நீர்வளம், பூரணகும்பம், தாமரை என்று அவர் விரித்துச் செல்லும்போது, நம் வீட்டு வாசலிலே வைக்கும் நிறைகுடத்தின் வயது எத்தனை ஆயிரம் என்று நாம் திகைக்கின்றோம். காந்தாரமும் மதுராவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியே புத்தர் உருவைப் படைத்தன என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் பலரும் ஏற்றனர். எது முந்தியது என்ற விவாதம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் பிரதி என்ற பழி நீங்கியது.

பிரதி என்பதையே வேறுவிதமாக நோக்கவும் அவர் கற்பித்தார். உரோமக் கல்தச்சன் முன்னே ஒரு சிலை இருந்தது. அதைப் பார்த்துச் செதுக்கினான். நம் ஸ்தபதியின் முன்னே சிலை இல்லை. தியான சுலோகம் இருந்தது. தேவியின் நிறம், கரங்கள், ஆயுதங்கள், நிற்கும் நிலை யாவற்றையும் அச்சுலோகம் சொல்லும். அதை உள்ளத்திலே உருவாக்கிக் கண்ட பின்னரே மெழுகைத் தொட வேண்டும். மெழுகிலே உருவைப் பிடித்து, மேலே மண் பூசிச் சூடேற்றி, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்திலே உலோகத்தை வார்த்து, மண்ணை உடைத்து எடுப்பர். அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு படிமமும் ஒன்றேயாம். ஆயிரம் சிவகாமியம்மையர் ஒருவரையொருவர் ஒத்திருக்கின்றனர் எனினும், ஒருவரும் மற்றவரின் பிரதி அல்லர். 1934 இல் வெளிவந்த கலையில் இயற்கையின் மாற்றம் என்னும் நூலிலே இக்கருத்து நிறைவாக விளங்குகின்றது.

இதை அவர் முதலிலே கற்றது நம் கொழும்பிலேதான் என்று கூறலாம். 1907, 1908 ஆம் ஆண்டுகளிலே பொலனறுவைச் சிவாலய இடிபாடுகளை பெல் என்னும் தொல்பொருள் ஆணையாளர் அகழ்ந்தபோது நடராசர், பார்வதி, சுந்தரர், காரைக்கால் அம்மையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. அவை கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றைப் பற்றி அருணாசலம் சைவநோக்கில் எழுதினார். ஆனந்தர் 1914 இல் அந்நூதனசாலையின் வெளியீடாகவே இலங்கை வெண்கலங்களைப் பற்றிய நூலை ஆக்கினார். அம்மானின் மைந்தரும் அத்தையின் மைந்தரும் ஒரே தெய்வத் திருமேனிகளைப் பற்றி எழுதியது தமிழ்க் கொழும்பின் சரித்திரத்திலே நினைக்கத்தக்க செய்தி.

ஒரு தேவியின் மூல உருவம் மாத்திரம் கொழும்பில் இல்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கீழைக்கரையிலே கிடைத்ததாகக் கூறப்படும் பொன்முலாம் பூசிய தாரை, தேசாதிபதியாயிருந்த பிரவுண்றிக்கின் கையிற் சேர்ந்து, 1830 இல் பிரித்தானிய நூதனசாலைக்குப் போயிற்று. எட்டாம் நூற்றாண்டளவினது, உயரம் 143 சதமமீற்றர். நெடுங்காலம் அதனைப் பத்தினித் தெய்வம் என்றே அழைத்தனர். மேலாடையற்ற தேவியைக் கண்டு மனங்கூசி, இலண்டனிலே பல்லாண்டு பொதுமக்கள் பார்வைக்கு வையாது உள்ளே பூட்டியும் வைத்திருந்தனர். அதே நூதனசாலையிலே ஆடையற்ற வீனஸ்கள் வெளியே நின்றதை நினைத்துக்கொள்க. கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் காண்பது அத்தாரையின் பிரதியே. கிரேக்க மூலத்தை இழந்து உரோமப் பிரதியைப் பார்க்கும் ஐரோப்பியனின் நிலை இது. ஒரு வேறுபாடு, நம் மூலம் அழியவில்லை, இருக்குமிடம் தெரியும்.

1912 இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை என்னும் சைவ சஞ்சிகையிலே சிவ தாண்டவத்தைப் பற்றி ஆனந்தர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. 1918 இல் நியூயோர்க்கிலே அதே பெயருடைய நூலாகப் பிற கட்டுரைகளுடன் வந்த பின், தில்லைக் கூத்தனின் திருவுருவம் மேனாட்டாருக்கு அறிமுகமாயிற்று. சென்னை நூதனசாலை நடராசரின் நிழற்படங்களைக் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரொடான் தம் எண்ணங்களை எழுதிவைத்தார். அவர் மறைந்தபின் 1921 இல் ஆனந்தர், ஹவெல் ஆகியோரின் கட்டுரைகளுடன் அவை ஒரு தொகுதியாகப் பாரிசிலே பதிப்பிக்கப்பட்டன. அதிலே ரொடான், மெடிச்சி வீனஸ் தன் கைகளாலே மேனியை மறைக்கும் பாவனையையும், ஆடவல்லானின் குறுக்கே வீசிய கரத்தின் பாவனையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வீனஸின் அக்கைகள் யாருடையவை என்பதை மேலே கூறினோம். ஆடவல்லானின் கை வார்த்த அன்றே உடலோடு வந்த கை.

ஆனந்தர் பொஸ்ரன் சென்ற கதை நமக்குச் சிறிது மனவருத்தம் தருவது. 1910 முதல் வட இந்தியாவிலே அலைந்து இராசபுத்திர ஓவியங்களைத் திரட்டினார். அலகபாத்திலே நடந்த பெரும் பொருட்காட்சியின் கலைப்பகுதியும் அவர் பொறுப்பில் இருந்தது. அத்தொகுதியைக் காசியிலே ஒரு தேசிய நூதனசாலை அமைத்தால் அளித்துவிடுவதாகக் கூறினார். பணம் சேரவில்லை. முதல் உலக யுத்தத்திலே, இந்தியா அடிமைப்பட்டிருக்கும்போது பிரித்தானியாவுக்காகப் படைக்கலம் ஏந்தமாட்டேன் என்று மறுத்தமையால் இங்கிலாந்திலும் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் அறங்காவலருள் ஒருவரான டென்மன் றொஸ் அத்தொகுதியை வாங்கி அந்நூதனசாலைக்கு வழங்க, 1917 இல் ஆனந்தர் அதன் இந்தியப் பகுதியின் பொறுப்பாளர் ஆனார். நாம் வாங்க மறுத்த செல்வம் கடல் கடந்தது. காப்பாற்றப்பட்டது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கவேண்டியிருக்கின்றது.

அந்நூதனசாலையிலே அவர் போய்ச் சேர்வதற்கு முன்னரே பிரதிகளைப் பற்றிய பெருஞ்சண்டை ஒன்று நடந்து முடிந்திருந்தது. கிரேக்க, உரோமச் சிலைகளின் பாரிசுச் சாந்துப் படிமங்களே அங்கு மண்டபங்களை நிரப்பியிருந்தன. மாணவர் பயில அவை வேண்டும் என்றனர் ஒரு சாரார். சாந்துப் பிரதியைப் பார்த்தவன் சிலையைப் பார்த்தவனாகான், மூலப்பொருளே மக்கள் முன் நிற்கவேண்டும் என்று 1904 அளவிலே வாதிட்டவர் பிரிச்சாட் என்னும் இளைஞர். 1909 இல் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது சாந்துப் படிமங்கள் ஒதுக்கப்பட்டன. 1903 இல் அங்கு வந்த அப்ரொடைற்றியின் தலை ஒன்று, கி.மு. நாலாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கிரேக்க மூலமே. பிரிச்சாட்டின் கட்சிக்கு அது போதிய சாட்சி.

1929 இல் றொஸ் அளித்த செல்வங்களுள் சாஞ்சியைச் சேர்ந்த யக்கி ஒருத்தியின் உடலும் ஒன்று. தோரணவாயிலிலே மரக்கிளையைப் பற்றித் தொங்கி நின்றவள். இன்று தலை இல்லை, கைகள் இல்லை, முழங்காலின் கீழ் இல்லை. மணற்கல்லிலே மேகலையும் இடையின் வளைவும் மாத்திரம் எஞ்சியுள்ளன. உரோமப் பிரபுவின் மாளிகையாயின் அவளுக்கு மறுநாளே ஒரு தலையும் இரண்டு கைகளும் முளைத்திருக்கும். பொஸ்ரனிலே முளைக்கவில்லை. உடைந்தவாறே அவள் நிற்கின்றாள். தமிழ்நாட்டிலே பல்லவர் காலத்தில் செதுக்கப்பட்ட மகிடாசுரமர்த்தனி ஒருத்தியும் 1927 முதல் அங்கே இருக்கின்றாள். அத்தொகுதிகளுக்கு 1923 முதல் 1930 வரை ஆனந்தர் எழுதிய பட்டியல் நூல்கள், பட்டியல் என்ற பெயருக்கு மிகப் பெரியவை.

விந்தை என்னவெனின், அதே ஆண்டுகளிலே பொஸ்ரனுக்கு அடுத்த புறூக்ளைன் என்னும் ஊரில், ஒரு செல்வர் தோட்டத்திலே, 13 அடி உயரமும் ஏறக்குறைய 13,000 இறாத்தல் எடையும் உடைய உரோம யூனோ தேவி மழையிலும் பனியிலும் நின்றுகொண்டிருந்தாள். உரோமாபுரியின் இலுடோவீசித் தொகுதியிலிருந்து 1897 இல் வாங்கப்பட்டு, 1904 இல் அங்கு நிறுவப்பட்டவள். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே பொஸ்ரன் நூதனசாலை அவளைப் பெற்றது. 2012 இல் தலையைத் தனியே கழற்றி, உடலைப் பாரந்தூக்கியால் உயர்த்தி, கூரையின் வழியாக உள்ளே இறக்கினர். பார்ப்போர் கண்முன்னேயே துப்புரவு செய்து, விரிவுகளை ஆராய்ந்து, தலையைப் பொருத்தினர். பழங்காலத்தார் போல உளிகொண்டு புதுமை செய்யாது, எது பழையது, எது பின்னர் சேர்ந்தது என்று ஆராய்ந்து செய்யும் செப்பம் இது. கண்டிப் பிரதானிகளுக்கு 1905 இல் எழுதிய கையொப்பக்காரர் இதைக் கண்டிருந்தால் மறுத்திரார்.

நம் ஆகம மரபு இதற்கு என்ன சொல்லுகின்றது என்று இந்துக் கல்லூரி மாணவர் கேட்பது இயல்பு. அணிகலன், ஆடை, விரல் நுனி போன்ற சிறு உறுப்புக்கள் பழுதுற்றால் திருத்திக்கொள்ளலாம். தலை, கை, கால் முதலிய பேருறுப்புக்கள் பின்னமுற்றால் அத்திருமேனியிலுள்ள கலையைக் கும்பத்துக்கு மாற்றி, பின்னமுற்ற உருவை நீரிலோ நிலத்திலோ இட்டு, புதிய உருவை நிறுவுவர். சீர்ணோத்தாரணம் என்பது அது. ஒட்டுக்கையுடன் தேவி பூசை ஏற்பதில்லை. தெய்வம் கல்லுக்கு உரியதன்று. கல் தெய்வத்துக்கு உரியது. ஆகவே கல் போனால் வேறு கல் வரும். கிரேக்கச் சிலையின் ஒவ்வொரு துணுக்கையும் பேணும் நூதனசாலை அறமும், பின்னமான மூர்த்தியை மனமுவந்து நீரிலே விடும் கோயில் அறமும் வெவ்வேறானவை. இவ்விரண்டுக்கும் நடுவே முப்பது ஆண்டு வாழ்ந்தவர் ஆனந்தர்.

அதன் துன்பத்தை அவர் மறைக்கவில்லை. கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்னும் வினாவையே தலைப்பாக்கி 1943 இல் நூல் ஒன்று வெளியிட்டார். பூசைக்கென்று செய்த படிமத்தைக் கண்ணாடிப் பெட்டியிலே வைத்து அழகு என்று வியப்பவன், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை அறியாதவரை அதைக் காணாதவனே என்பது அவர் கோட்பாடு. நூதனசாலையிலே சம்பளம் பெற்றுக்கொண்டே நூதனசாலையின் அடித்தளத்தை வினவியவர் அவர். இதிலே முரண்பாடு காண்போர் உளர், யாமும் காண்கின்றோம். ஆயினும் உள்ளே இருந்தவர் கேட்ட கேள்வியாதலால் அதற்கு வலிமை மிகுதி. கிரேக்கத்தின்மேல் அவருக்குப் பகை இருந்ததென்றும் எண்ணலாகாது. பிற்கால கிரேக்கச் சிலைகளின் உடலழகை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பழைய கிரேக்க உருவங்களும் நம்முடையனவும் உறவினர் என்று கருதினார். 1933 இல் ஆராய்ச்சிப் பதவிக்கு மாறிய பின் அவர் எழுதியவற்றிலே பிளேற்றோவும் உபநிடதமும், புளொட்டைனசும் புத்தரும் ஒரே பக்கத்திலே அமர்ந்திருப்பர். அக்கட்டுரைகளின் நடை கடினம். அடிக்குறிப்புக்கள் கட்டுரையினும் நீளம். இளைஞர் அங்கே தொடங்காது சிவ தாண்டவத்திலே தொடங்குதல் நன்று.

1947 ஓகத்து 22 இலே அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் இந்தியா விடுதலை பெற்றிருந்தது. பொஸ்ரன் நண்பர்கள் விருந்தளித்தனர். பதவியை விடுத்து இந்தியாவுக்குத் திரும்பி, இமயத்தின் அடியிலே எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியிருக்கும் செய்தியை அங்கே தெரிவித்தார். மூன்று வாரம் கழியுமுன், புரட்டாதி மாதம் 9 ஆந் தேதி, பொஸ்ரனை அடுத்த நீடம் என்னும் ஊரிலே தம் இல்லத்தில் காலமானார். இலங்கை சுதந்திரம் பெற அப்போது ஐந்து மாதம் இருந்தது.

கொழும்பிலே முன்பு கிறீன் பாத் என வழங்கிய வீதி இன்று ஆனந்தக் குமாரசுவாமி மாவத்தை. நூதனசாலைக்கு அணித்தாக உள்ள அவ்வீதியிலே நடந்து, பொலனறுவைப் பார்வதியையும் பிரதியாக நிற்கும் தாரையையும் ஒருமுறை பார்த்து வர அரை நாள் போதும். பழைய மாணவர் தம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம்.